கடற்கரையில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் முறை

இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் பறவைகளைக் கடற்கரையில் நின்று எண்ண விரும்புபவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பறவை பார்ப்பதும் பறவைகளைக் கணக்கெடுப்பதும் ஒரே இடத்தில், ஒரே கருவிகளைக் கொண்டு நடந்தாலும், இரண்டும் வெவ்வேறு வேலைகள். பார்ப்பவருக்கு அரிய பறவை ஒன்று கண்ணில் பட்டால் அந்தக் காலை நிறைந்துவிடும். கணக்கெடுப்பவரோ நூறாவது தகைவிலான் குருவியையும் முதல் தகைவிலானைப் போலவே பதிவு செய்ய வேண்டும். ஒரு பறவையும் கடந்து போகாத மணி நேரத்துக்கு எதிரே பூஜ்யம் என்று எழுத வேண்டும். எங்கே நின்று, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், எந்த முறையில் எண்ணினார்கள் என்பது தெரியாத கணக்கை வேறெந்த நாளின் கணக்கோடும் ஒப்பிட முடியாது. அதில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் பயனில்லை.

ஸ்வீடனின் தென்மேற்கு முனையில் உள்ள ஃபால்ஸ்டர்போவில் 1973 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 தொடங்கி நவம்பர் 20 வரை ஒரே முறைப்படி வலசைப் பறவைகளை எண்ணி வருகிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ள கேப் மேயில் 1976 முதல் இலையுதிர்காலத்தில் வல்லூறு, பருந்து போன்ற இரைகொல்லிகளைக் கணக்கெடுக்கிறார்கள். இந்த இரண்டு இடங்களின் கணக்குகளையும் ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம், முறை மாறாமல் காக்கப்பட்டதுதான். ஒரு கரையில் தனியாக நிற்கும் ஒருவரும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். இதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

நிற்கும் இடமும் எண்ணும் கோடும்

நிலத்தின் மேல் பறந்து வரும் பறவைகளில் பல, கடலைக் கடக்கத் தயங்கிக் கரையை ஒட்டியே நகர்கின்றன. அதனால் பரந்த நிலப்பரப்பில் சிதறி வருபவை கரையோரத்தில் ஒரு குறுகிய பட்டையாகச் சேர்கின்றன. நிலம் கடலுக்குள் நீண்டு கூர்மையாக முடியும் முனைகளில் இந்தச் சேர்க்கை இன்னும் நெருக்கமாகும். கடற்பறவைகளும் இத்தகைய முனைகளைச் சுற்றித்தான் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, வளைந்த விரிகுடாவின் நடுப்பகுதியைவிட முனையோ, முனைக்கு அருகிலுள்ள மேடோ நல்ல தேர்வாக அமையும்.

தரைமட்டத்தில் நின்றால் அலைகளுக்குப் பின்னால் தாழப் பறக்கும் பறவைகள் மறைந்துவிடும் என்பதால், கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமான மணல்மேடு அல்லது பாறை வேண்டும். மிக உயரமான குன்றும் சிக்கலைத் தரும். அங்கிருந்து பார்க்கும்போது பறவைகள் வானத்தின் பின்னணியில் தெரியாமல் இருண்ட நீரின் பின்னணியில் கரைந்துபோகும். காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால், கிழக்கு நோக்கிய கரையில் முதல் இரண்டு மணி நேரம் எதிரொளி கண்ணைக் கூசச் செய்யும், பறவைகள் வெறும் கரிய வடிவங்களாகவே தெரியும். அங்கே நிற்பவர் தென்கிழக்கைத் தவிர்த்து வடகிழக்குப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு, பறவைகள் எதிரொளிப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே அடையாளம் காணப் பழக வேண்டும். எந்தக் கரையிலும் பைனாகுலரோ ஒற்றைக்கண் தொலைநோக்கியான ஸ்கோப்போ சூரியனை நேராகக் கடந்து போகக் கூடாது. ஒரு நொடி போதும், கண்ணுக்கு நிரந்தரச் சேதம் ஏற்பட்டுவிடும்.

இடம் முடிவானதும், உங்கள் காலடியிலிருந்து கடலுக்குள் நேராகச் செல்லும் ஒரு கற்பனைக் கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டின் திசையை ஒரு மிதவை, பாறை, கலங்கரை விளக்கம் என அசையாத அடையாளம் ஒன்றோடு பொருத்திக்கொண்டால் எளிது. அதே கோட்டைப் பின்னால் நிலத்தின் மேலும் ஒரு மரம் அல்லது கட்டடம் வரை நீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைக் கடக்கும் பறவை மட்டுமே கணக்கில் சேரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டு சுற்றும் கடற்காகங்களும், சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வலசைக் கணக்கில் இடம்பெறா. அவற்றைத் தனிப் பக்கத்தில் 'தங்கியிருப்பவை' என்று குறித்துக்கொள்ளலாம்.

கோடு இல்லாமல் எண்ணுபவர்களின் கணக்கில் அடிக்கடி நுழையும் பிழை, ஒரே பறவைகளை இருமுறை சேர்ப்பதாகும். கூட்டம் ஒன்று தெற்கே போகிறது, கடலைக் கண்டு திரும்புகிறது, அரை மணி நேரத்தில் மீண்டும் முயல்கிறது. முனைகளில் இது அன்றாடம் நடக்கும். எனவே இரு திசைகளையும் தனித்தனியே எழுதுங்கள். தெற்கே 240, வடக்கே 65 என்று பதிவாகியிருந்தால் நிகர எண்ணிக்கை 175. இந்தக் கழித்தலைக் கரையில் நிற்கும்போதே செய்யாமல், இரண்டு எண்களையும் அப்படியே விட்டுவைத்து வீட்டில் செய்வது நல்லது. (தென் அரைக்கோளத்தின் இலையுதிர்காலத்தில் பறவைகள் வடக்கு நோக்கிக் கிளம்பும், திசைப் பெயர்களை மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் பொருந்தும்.)

பருவமும் நேரமும்

இலையுதிர்கால வலசை நாம் நினைப்பதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. துருவப் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்யும் கரைப்பறவைகளில் முதிர்ந்தவை ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடுகின்றன. அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவைகள் சில வாரங்கள் கழித்து, பெரும்பாலும் பெற்றோரின் துணையின்றித் தாமே வருகின்றன. ஆகவே ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் கூட்டத்தில் வெளிறத் தொடங்கிய இனப்பெருக்கக் கால இறகுகளும், செப்டம்பர் கூட்டத்தில் விளிம்புகள் தெளிவாகத் தெரியும் புத்தம்புது இறகுகளும் தென்படும். முதிர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்று முடிந்தவரை பிரித்து எழுதினால், அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பதற்கான குறிப்பும் கணக்கோடு சேர்ந்துவிடும். வாத்துகளின் பெருங்கூட்டங்கள் குளிர் இறங்க இறங்கப் பின்னால் வருகின்றன. தெற்கே போகப் போக இந்தத் தேதிகள் எல்லாம் தள்ளிப்போகும் என்பதால், உங்கள் கரைக்கான நாட்காட்டியை உங்கள் குறிப்பேடுதான் சில ஆண்டுகளில் உருவாக்கித் தர வேண்டும்.

ஒரு நாளுக்குள் பார்த்தால், சூரியன் உதித்ததிலிருந்து முதல் இரண்டு மூன்று மணி நேரமே மிக முக்கியமானது. வாலாட்டி, நெட்டைக்காலி, தகைவிலான் போன்றவை இந்த நேரத்தில்தான் மிகுதியாகக் கடக்கின்றன. சிறு பறவைகளில் பல இரவில் வலசை போகின்றன. விடியும் வேளையில் கடலின் மேல் இருப்பவை கரையைக் கண்டு உள்ளே திரும்பி வரும்; களைத்து வரும் அவை முதல் புதரிலேயே இறங்கிவிடுவதும் உண்டு. இந்த வருகையைத் தவறவிடாமலிருக்க, உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகவே இடத்தில் அமர்ந்துவிட வேண்டும். இருட்டில் அடையாளம் தெரியாதபோதும் குரல்கள் கேட்கும். சிறு கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த அலகுடைய கரைப்பறவை) கடந்து போகும்போது ஒரே சுருதியில் ஏறத்தாழ ஏழு முறை தொடர்ந்து விசிலடிப்பது, கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்தும் தெளிவாகக் காதில் விழும்.

இரைகொல்லிகளின் நேரம் வேறு. தரை சூடேறி, வெப்பக்காற்று மேலெழத் தொடங்கிய பிறகே பருந்துகள் சுழன்று உயர்ந்து பயணம் கிளம்புகின்றன. ஆகவே சிறு பறவைகளின் ஓட்டம் அடங்கும் முற்பகலில் இரைகொல்லிகளின் கணக்கு தொடங்கும். எட்டு மணிக்கே கிளம்பிவிடுபவர்கள் இதை முழுவதுமாக இழந்துவிடுவார்கள்.

காற்றும் ஓதமும்

முந்தைய நாள் மாலை வானிலை அறிவிப்பைப் பார்க்கும்போது மழையைவிடக் காற்றின் திசையையே முதலில் கவனியுங்கள். பறவைகளுக்குப் பின்னாலிருந்து காற்று வீசினால் அவை மகிழ்ச்சியாக உயரத்தில் சென்றுவிடும், தரையில் நிற்பவர் கண்ணுக்கு அவற்றில் பெரும்பாலானவை தெரியாமலே போகும். எதிர்க்காற்று வீசினால், காற்றின் வேகம் குறைவாக இருக்கும் தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கிக் கடல் அலைகளையும் கரையோர மேடுகளையும் ஒட்டிப் பறக்கும். எனவே வலசை எவ்வளவு நடக்கிறது என்பதும், அதில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கை குறைந்த ஒரு நாளைப் பார்த்து 'பறவைகள் குறைந்துவிட்டன' என்று முடிவுகட்டும் முன், அன்றைய காற்றைப் பார்க்க வேண்டும். கடலிலிருந்து நிலத்தை நோக்கி வலுவாக வீசும் காற்று, ஆழ்கடலில் பறக்கும் ஸ்குவா, ஷியர்வாட்டர் போன்ற கடற்பறவைகளைக் கரைக்கு அருகே தள்ளிவிடும். அத்தகைய நாள்களுக்காகவே காத்திருக்கும் கடல்நோக்கிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். மழையோ மூடுபனியோ வலசையை நிறுத்திவைக்கும். ஆனால் அது விலகியதும் தேங்கிநின்ற பறவைகள் ஒரே வீச்சில் கிளம்புவதுண்டு. மழை விட்ட அடுத்த ஒரு மணி நேரத்தில் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

கரைப்பறவைகளைப் பொறுத்தவரை ஓத (கடல்நீர் ஏறி இறங்கும்) அட்டவணை வானிலை அறிவிப்புக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. ஓதம் ஏறி சேற்றுப் பரப்பை மூடும்போது, அங்கு மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டங்கூட்டமாக எழுந்து உயர்ந்த மணல்திட்டுக்குப் போகின்றன. ஓதம் வற்றியதும் திரும்பி வருகின்றன. இது உள்ளூர் நடமாட்டம். புதிதாகக் கணக்கெடுக்க வருபவர்கள் இதை வலசை என்று எண்ணி ஆயிரக்கணக்கில் எழுதிவிடும் ஆபத்து பெரிது. இரண்டையும் பிரித்தறியச் சில குறிகள் உள்ளன: மேயுமிடம் மாறும் கூட்டம் தாழப் பறந்து, அடிக்கடி திசை திருப்பி, சிறிது தொலைவிலேயே இறங்கும், வலசை போகும் கூட்டம் பெரும்பாலும் ஒழுங்கான வரிசையாகவோ கோணமாகவோ அமைந்து, ஒரே திசையில், இறங்கும் எண்ணமே இல்லாமல் கடந்து செல்லும். நீண்ட கடற்பயணத்துக்குக் கிளம்பும் கரைப்பறவைகள் பல நேரங்களில் பிற்பகலிலோ மாலையிலோதான் புறப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தக் கரையில் தங்கியுள்ள கரைப்பறவைகளின் மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால், அதற்கு வேறு வழி இருக்கிறது. ஓதம் உச்சத்தில் இருக்கும்போது அவை ஒதுங்கி நிற்கும் திட்டை, அவற்றைக் கலைக்காத தொலைவிலிருந்து ஸ்கோப் மூலம் எண்ணலாம். இதையும் கடந்து செல்லும் பறவைகளின் கணக்கையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது.

கருவிகள்

இதில் நீண்ட ஆலோசனை தேவையில்லை. 8x42 அல்லது 10x42 பைனாகுலர் ஒன்று (முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்), கடலைப் பார்க்க 20 முதல் 60 மடங்கு பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதற்கு உறுதியான டிரைபாட். கடலை அலசும்போது ஸ்கோப்பை 25 அல்லது 30 மடங்கில் வைப்பதே சரி. அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சுருங்கி, காற்றில் படமும் நடுங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் எண் ஏறும் கைக்கிளிக்கர் இரண்டு இருந்தால், மிகுதியாகக் கடக்கும் இரண்டு வகைகளை ஒரே நேரத்தில் எண்ணலாம். குறிப்பேட்டுக்குப் பேனாவை விடப் பென்சில் மேல், ஈரத்தில் கலையாது. இருவர் சேர்ந்து போனால், ஒருவர் கண்ணை எடுக்காமல் சொல்ல மற்றவர் எழுதலாம். கணக்கின் தரத்தை இதைப்போல உயர்த்தும் கருவி எதுவும் இல்லை.

எண்ணும் வேலை

முதலில் பார்வையை ஒழுங்குபடுத்துங்கள். வெறும் கண்ணால் தலைக்கு மேலும் நிலப்பக்கமும் ஒருமுறை, பைனாகுலரால் அடிவானத்தை ஒட்டி மெதுவாக ஒருமுறை, ஸ்கோப்பால் கடல்கோட்டை ஒருமுறை என்று சுழற்சியாகப் பாருங்கள். கடலையே வெறித்துக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான தகைவிலான்கள் கடந்துபோகும். தெளிந்த நீல வானம் பறவை எண்ணுபவருக்கு எதிரி. உயரத்தில் செல்லும் பறவை அதில் தட்டுப்படாது. வெண்மேகம் படர்ந்த நாளில் அதே உயரத்தில் செல்லும் பறவை கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும்.

இருபதுக்கு உட்பட்ட கூட்டத்தை ஒவ்வொன்றாகவே எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் தொகுதி முறைக்கு மாற வேண்டும். கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை உண்மையாகவே எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை அளவுகோலைப் போலக் கூட்டத்தின் மேல் நகர்த்தி 'பத்து, இருபது, முப்பது' என்று கடைசி வரை போக வேண்டும். ஐந்நூறுக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு ஐம்பது அல்லது நூறு கொண்ட தொகுதி தேவைப்படும். அப்போதும் அந்த முதல் நூறைப் பத்துப் பத்தாகக் கட்டியெழுப்ப வேண்டும், ஊகத்தில் தொடங்கக் கூடாது. கூட்டத்தின் நடுப்பகுதி நெருக்கமாகவும் விளிம்புகள் தளர்வாகவும் இருப்பது வழக்கம் என்பதால், விளிம்பில் எடுத்த அளவை நடுப்பகுதியில் அப்படியே வைத்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். நடுவில் ஒருமுறை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பயிற்சி இல்லாத கண், பெரிய கூட்டங்களைப் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுகிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தக் குறைவும் கூடும். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கூட்டம் கடக்கும்போது முதலில் மதிப்பிட்டு எண்ணை எழுதிவிட்டு, உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பறவையின் மேலும் புள்ளி வைத்து எண்ணுங்கள். நீங்கள் 300 என்று எழுதிய கூட்டத்தில் 410 இருந்ததா, 280 இருந்ததா என்று தெரியும். ஒரு பருவம் முழுவதும் இதைச் செய்தால் உங்கள் கண்ணின் சாய்வு எந்தப் பக்கம் என்பது பிடிபடும். ஆனால் அந்தச் சாய்வுக்கு ஏற்ப எழுதிய எண்ணைப் பிறகு கூட்டித் திருத்துவது தவறு. மதிப்பீட்டையும் படத்தில் எண்ணியதையும் இரண்டையுமே பதிவில் வைக்க வேண்டும்.

கடலின் மேல் வரிசையாகப் போகும் வாத்துகளை எண்ணுவது தனிப் பயிற்சி. ஊசிவால் வாத்துகளின் நீண்ட வரிசை ஒன்று அலைமுகடுகளை ஒட்டிப் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையின் முன்பாதி முகட்டுக்கு மேலே தெரியும்போது பின்பாதி பள்ளத்தில் மறைந்திருக்கும். அடுத்த நொடி முன்னவை மறைந்து பின்னவை எழும்பும். தலையில் தொடங்கி வால் வரை எண்ணிப் பார்த்தால் 38 வரும், மீண்டும் எண்ணினால் 45 வரும், மூன்றாம் முறை 43. சராசரி எடுக்கும் எண்ணம் வரலாம். ஆனால் இங்கே பிழை ஒரே பக்கத்தில்தான் பெரும்பாலும் நேர்கிறது: மறைந்த பறவை விட்டுப்போகிறதே தவிர, இல்லாத பறவை தோன்றுவதில்லை. எனவே கவனமாக எடுத்த எண்ணிக்கைகளில் உயர்ந்ததையே, அதாவது 45-ஐயே, எழுதுவது சரி. தலைக்கு மேல் நெருக்கமாகச் சுழலும் கூட்டத்தில் பிழை இரு பக்கமும் நேரக்கூடும் என்பதால் அங்கே சராசரி பொருத்தமானது.

பருந்துகள் வெப்பக்காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று ஏறும்போது எண்ண முயலாதீர்கள். சுழலின் உச்சியை அடைந்ததும் ஒவ்வொன்றாகச் சிறகை மடித்துச் சறுக்கி ஒரே திசையில் வெளியேறும்; அந்த வரிசையை எண்ணினால் இரட்டிப்பும் இருக்காது, விடுபடலும் இருக்காது.

கலப்புக் கூட்டங்களில் முதலில் மொத்தத்தை எடுத்துவிடுங்கள். பிறகு கூட்டத்தின் முன், நடு, பின் என்று மூன்று இடங்களில் சிறு பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த வகை எத்தனை என்று பார்த்து, விகிதத்தை மொத்தத்தின் மேல் பரப்பலாம். ஒரே இடத்தில் மட்டும் விகிதம் எடுப்பது ஏமாற்றும். ஒரு வகை கூட்டத்தின் ஒரு பக்கமாகத் திரண்டு பறப்பது இயல்பு.

இடைவிடாமல் மணிக்கணக்கில் ஓடும் தகைவிலான் ஓட்டத்தை முழுவதுமாக எண்ண முயன்றால் மற்ற பறவைகள் அனைத்தும் கைவிட்டுப் போகும். அப்போது ஒவ்வொரு பதினைந்து நிமிடத்திலும் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் எண்ணி, மூன்றால் பெருக்குங்கள். ஓட்டம் அதிகமாக இருக்கும் ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். கடிகாரம் சொல்லும் ஐந்து நிமிடத்தையே எடுங்கள். பெருக்கி வந்த எண் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுதல்

தொலைவில் பறப்பவற்றை இறகின் நிறத்தால் அடையாளம் காண முடியாது. உருவம், சிறகடிக்கும் வேகம், ஓரிரு உறுதியான குறிகள் இவையே துணை. சாம்பல் உப்புக்கொத்தி சிறகை உயர்த்தும்போது, சிறகின் அடியில் உடலோடு சேரும் இடத்தில் ஒரு கரும்பட்டை பளிச்சென்று தெரியும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அது கிடையாது. பவளக்காலியின் சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை ஓடும். கருவால் மூக்கனின் சிறகில் தெளிவான வெள்ளைக் கோடும் வால் நுனியில் கருமையும் இருக்கும், பட்டைவால் மூக்கனுக்கு அத்தகைய சிறகுக் கோடு இல்லை. இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியை மட்டும் முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்வது, கையேடு முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும்.

குறி தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். 'சிறு உள்ளான் வகை 120', 'ஆலா வகை 35', 'பூனைப்பருந்து வகை 1' என்று எழுதுவது முழுமையான, மதிப்புள்ள பதிவு. பெயரைக் கட்டாயப்படுத்தி எழுதிய பதிவைப் பின்னால் எவராலும் திருத்த முடியாது, ஏனென்றால் அது ஊகம் என்பதற்கான தடயமே அதில் இல்லை. அடையாளம் தெரியாதவற்றின் பங்கு உங்கள் பட்டியலில் பெரியதாக இருந்தால் அதற்காகக் குறைபட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கடல்நோக்கில் நேர்மையாக நடந்துகொள்பவர்கள் எல்லோருடைய பட்டியலும் அப்படித்தான் இருக்கும்.

குறிப்பேடு

காலையை ஒரு மணி நேரப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உதய நேரத்திலிருந்து தொடங்கினால் பருவம் நகர்ந்தாலும் முதல் மணி, இரண்டாம் மணி என்று ஒப்பிட முடியும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் காற்றின் திசை, பியூஃபோர்ட் அளவில் (காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை குறிக்கும் அளவு) அதன் வேகம், வானத்தில் மேகம் எட்டில் எத்தனை பங்கு, எத்தனை கிலோமீட்டர் வரை தெளிவாகத் தெரிகிறது, கண்காணிப்பவர்கள் எத்தனை பேர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

'06:40. பட்டைவால் மூக்கன் 18, தெற்கு, கடல்மேல் சுமார் 300 மீ., தாழ்வாக, ஒரே வரிசை, ஒவ்வொன்றாக எண்ணியது.'

கடைசிச் சொற்கள்தான் இதில் விலைமதிப்பற்றவை. ஒவ்வொன்றாக எண்ணியதா, தொகுதியாக மதிப்பிட்டதா, மாதிரி எடுத்துப் பெருக்கியதா என்பது தெரிந்தால்தான் அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அடுத்தவருக்குத் தெரியும். இடையில் தேநீருக்கோ, யாரோ வந்து பேசியதற்கோ பதினைந்து நிமிடம் கண்காணிப்பு நின்றிருந்தால் அதையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். பறவை எதுவும் வராத மணி நேரத்தைக் கோடு போட்டு விடாமல் பூஜ்யம் என்று எழுதுங்கள்; வெற்றிடம் என்றால் பார்க்கவில்லை என்று பொருள், பூஜ்யம் என்றால் பார்த்தும் வரவில்லை என்று பொருள்.

இந்த எண்கள் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று, ஓரிடம் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்குகிறதா என்று கேட்கிறது. இன்னொன்று, ஓர் இனத்தின் அல்லது உள்ளினத்தின் தொகையில் 1 விழுக்காடாவது அங்கே தொடர்ந்து வருகிறதா என்று கேட்கிறது. ஒரு கரையைக் காக்க வேண்டும் என்று வாதிடுபவரின் கையில் இருக்க வேண்டியது இத்தகைய எண்கள்தான், அவை எவரோ ஒருவர் காலையில் நின்று எடுத்த பக்கங்களிலிருந்தே வருகின்றன. மிகைப்படுத்திய கணக்கு ஒருமுறை அம்பலப்பட்டால் அந்தக் கரைக்காகச் சொல்லப்பட்ட உண்மையான எண்களும் நம்பகத்தை இழக்கும்.

பறவைகளின் பக்கம்

2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய ஓர் இளம் பட்டைவால் மூக்கன், பதினோரு நாள்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவாகியிருக்கிறது. இத்தகைய பயணத்துக்கான கொழுப்பை அது கரையோரச் சேற்றில்தான் சேர்க்கிறது. மேய்ந்துகொண்டோ ஓய்ந்துகொண்டோ இருக்கும் கூட்டத்தை ஒருமுறை எழுப்பிவிட்டால், சேர்த்ததில் ஒரு பங்கை அது வீணாகச் செலவழிக்கிறது. நல்ல படம் வேண்டும், துல்லியமான எண் வேண்டும் என்பதற்காக அருகே போவதற்கு எந்த நியாயமும் இல்லை. பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி நின்றால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். நாயை அழைத்து வராதீர்கள். ட்ரோன் பறக்கவிட்டு எண்ணும் யோசனையை, முறையான அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் பாதுகாப்பும் இதில் அடங்கும். ஓதம் ஏறும்போது துண்டிக்கப்படும் திட்டுகளில் நிற்பதும், இடி மின்னலின்போது திறந்த முனையில் உலோக டிரைபாடோடு நிற்பதும் கூடாது.

கரையிலிருந்து திரும்பிய பிறகு

அன்றே உட்கார்ந்து கணக்கை முடிப்பது நல்லது. மறுநாளுக்குத் தள்ளினால் சுருக்கெழுத்தாக எழுதிய பாதிக் குறிப்புகளுக்குப் பொருள் மறந்துவிடும். மணிவாரியாக ஒவ்வொரு வகையின் கூட்டுத்தொகையையும், இரு திசைகளின் வேறுபாட்டையும் கணக்கிட்டு, கிளிக்கரில் நின்ற எண்ணோடு சரிபாருங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினர் 2002-இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளை ஏற்றும் இபேர்ட் இணையதளத்தில், நகராமல் ஓரிடத்தில் நின்று எடுத்த பட்டியல் என்ற வகையில், ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனிப் பட்டியலாக ஏற்றலாம்; ஐந்து மணி நேரத்தை ஒரே பட்டியலாகத் திரட்டினால் காலையின் ஏற்ற இறக்கம் அழிந்துபோகும். வலசைக் கணக்குக்கென்றே நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட ட்ரெக்டெல்லன் தளம், திசையையும் மணியையும் பிரித்தே கேட்கிறது, அதனால் கரையில் நின்று தொடர்ந்து எண்ணுபவர்களுக்கு அதை நான் முதலில் பரிந்துரைப்பேன். எந்தத் தளத்தில் ஏற்றினாலும், எண்ணிய இனங்களை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவற்றை விட்டிருந்தால் அது முழுமையான பட்டியல் அல்ல என்பதை அதற்குரிய இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தளத்தில் ஏற்றிவிட்டோம் என்று மூலக் குறிப்பேட்டைத் தூக்கிப்போடாதீர்கள். மழையில் நனைந்து, அடித்துத் திருத்தி, ஓரத்தில் 'எதிரொளி அதிகம், 8 மணிக்கு முன் ஆலாக்களைப் பிரிக்க முடியவில்லை' என்று எழுதிய அந்தப் பக்கத்தில், படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காத செய்தி நிறைய இருக்கும். பக்கங்களுக்கு எண்ணிட்டு, தேதிவாரியாக அடுக்கி, படமெடுத்து ஒரு நகலும் வைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் அதே மேட்டில் அதே கோட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கும் எவரும் அதை எடுத்துப் பயன்படுத்த முடியும்.